பச்சைத் தேயிலையில் கற்பூர வாசனை வந்த விதம்

மதிப்பும் உரிமையும் ஒருசேரக் கொண்ட மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவனும் ஓய்வுபெற்ற லிஃப்ட் பரிசோதகனுமாகிய அடியேன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். ‘அனைவரும்’ என்பது நாங்கள் இரண்டே பேர் என்பதாலும், அதில் ஒருவர் நலமா என்றுதான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள் என்பதாலும், இந்த வாக்கியத்தை வழக்கத்துக்காக எழுதியதாக எடுத்துக்கொண்டு மேலே படிக்கவும். அங்கு தாங்களும், தங்கள் தேயிலைக் கடையும், கல்லாவின் மேல் படுத்துத் தூங்கும் அந்தப் பூனையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. உத்தியோகக் காலத்தில் எனக்கு வந்த ‘விளக்கம் தருக’ கடிதங்களெல்லாம் இதற்கு முன்னால் வாழ்த்து மடல்கள். புதுத் தேயிலை வந்ததும் சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு நீங்கள் இங்கே அனுப்புவதும், உங்கள் தங்கை அதைக் குடித்துப் பார்த்து அதன் மணம், ருசி, குணம் எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதி அனுப்புவதும், அந்த அட்டையைக் கடையில் பெரிய டப்பாவின் மேல் நீங்கள் ஒட்டுவதும், வாடிக்கையாளர்கள் தேயிலையைப் பார்க்காமல் அட்டையைப் படித்தே வாங்கிப் போவதும் எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நடந்துவரும் விஷயம். இத்தனை வருடத்தில் ஒரு புகார் கிடையாது. இந்தத் தடவை மூன்று. நோயாளிக்கும் இதமான தேன் மணம் என்று அட்டையில் போட்டிருந்த தேயிலையை ஒருவர் தன் அம்மாவுக்கு வாங்கிப் போக, அந்த அம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு, “எந்த வீடுடா எரியுது?” என்று கேட்டாராம். இன்னொன்றில் எலுமிச்சை மணம் என்று இருக்கிறதாம், ஒருவருக்கும் எலுமிச்சை தட்டுப்படவில்லையாம். மூன்றாவதாக, பச்சைத் தேயிலையில் ‘ஓரத்தில் மெல்லிய கற்பூரம்’ என்று எழுதியிருப்பதைப் படித்து இரண்டு பேர் கேட்டு வாங்கிப் போய், அடுத்த நாளே கற்பூரம் எங்கே என்று திரும்பி வந்தார்களாம். இதையெல்லாம் எழுதிவிட்டு, ‘உண்மையைச் சொல்லுங்கள், நான் கேட்டதாக அவளிடம் சொல்ல வேண்டாம், அட்டை எழுதும் வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாமா? எனக்குமே எல்லாவற்றையும் வேறு கையில் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்துவிடலாம் போலிருக்கிறது’ என்று கோபமாக முடித்திருக்கிறீர்கள்.

முதலில் உண்மை. மழைக்காலக் காய்ச்சலுக்குப் பிறகு உங்கள் தங்கைக்கு வாசனை தெரிவதில்லை. ஒரு துளிகூட. இரண்டாவது, உங்கள் கேள்விக்குப் பதில். கொடுக்கக் கூடாது. ஏன் என்று சொல்லத்தான் இத்தனை தாள்.

காய்ச்சல் போகும்போது சும்மா போகாமல் மூக்கின் வேலையையும் கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறது, அது எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலை கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், கருகல் வாசனை வந்தது. லிஃப்ட் வேலையில் இருந்தவனுக்குக் கருகல் வாசனை வந்தால் கால் தானாக எழுந்துவிடும். மெயின் சுவிட்சை அணைத்தேன், ஒவ்வொரு சுவிட்ச் பலகையாகக் கையை வைத்துச் சூடு பார்த்தேன், எதிர்வீட்டுக் கதவைத் தட்டி அவர்கள் சுவிட்ச் பலகைகளுக்கும் கை வைத்தேன், கீழே ஓடிப்போய்க் காவலாளியிடம் சொல்லி லிஃப்டை நிறுத்தி, ‘பழுது’ பலகையைத் தொங்கவிட்டு, படியேறி உச்சியில் மோட்டார் அறைக்குப் போய் மோட்டாரை மோப்பம் பிடித்தேன். மூன்றாவது மாடி வக்கீல், கோப்புக் கட்டைச் சுமந்துகொண்டு படியேறியபடியே, என்மேல் என்னென்ன பிரிவுகளில் வழக்குப் போடலாம் என்று எண்ணிக்கொண்டு போனார். மூச்சு வாங்க வீட்டுக்குத் திரும்பினால், உங்கள் தங்கை மேஜையில் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறாள், புகை வாசம் அந்தக் கோப்பையிலிருந்து வருகிறது.

“என்னங்க இப்படி வேர்த்துக் கொட்டி வர்றீங்க? கரண்ட் வேற போயிடுச்சு.”

“என்னமோ கருகுதும்மா! உனக்கு வாசனை வரலை?”

அவள் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய் நிதானமாக மூச்சை இழுத்தாள். “இது தேன் வாசனைங்க. டப்பாவுல அண்ணனே எழுதியிருக்காரு பாருங்க.”

பார்த்தேன். ‘தேன்மணக் கறுப்பு’ என்று உங்கள் கையெழுத்திலேயே இருந்தது. நீங்கள் எழுதிவிட்டீர்கள், அவள் சொல்லிவிட்டாள். தேயிலைக் குடும்பத்தில் பெண் எடுத்தவன் நான். உங்கள் பாஷையில் கருகலுக்குத் தேன் என்று பெயர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கீழே போய் லிஃப்டை ஓடவிட்டேன். புகையில் வாட்டிய தேயிலையை அங்கே டப்பா மாற்றிப் போட்டுவிட்டீர்கள் என்பது உங்கள் கடிதம் வந்த பிறகுதான் புரிந்தது. இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி, கறுத்து முறுக்கிய இலை, கண்ணால் பிரிக்க முடியாது. யானைக்கும் அடி சறுக்கும். டப்பாவில் அள்ளிப் போடுவது, சீட்டு ஒட்டுவது, நிறுப்பது எதையும் கடையில் வேறு யாரையும் நீங்கள் தொடவிட மாட்டீர்கள் என்பதால், இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

எனக்கு உறைத்தது அடுத்த வாரம். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, அடிப்பிடித்து, பாத்திரம் கறுத்து, வீடு முழுக்க நாற்றம். அவள் அடுப்புக்குப் பக்கத்தில்தான் முதுகைக் காட்டி நின்று, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு காய் நறுக்குகிறாள். இந்த அம்மாள் யார் என்று உங்களுக்குத் தெரியும். கீழ்வீட்டுக்காரர்கள் துணி சோப்பு மாற்றினால் படுக்கையறையிலிருந்தே சொல்கிறவள். நான் ஒரு காலத்தில் ஒளிந்து சிகரெட் பிடித்துவிட்டு, வாய் கொப்பளித்து, சட்டையும் மாற்றிக்கொண்டு வந்தால், வாசலிலேயே நிற்கவைத்து ‘இன்னைக்கு ரெண்டா?’ என்று கேட்டவள். அடுப்பை அணைத்தேன். அவள் திரும்பிப் பாத்திரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், “அடடா, கவனிக்கலைங்க” என்றாள். கவனிக்காமல் விட்டவர்கள் அப்படி முகம் வெளுத்துச் சொல்ல மாட்டார்கள் மச்சான். பரவாயில்லை என்று சொல்லிப் பாத்திரத்தைத் தேய்க்க உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு கவனித்தால், டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் இலையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பேனா நகராது. பழைய ஞாபகத்தை வைத்து ஒரு வரி எழுதுவாள், அடிப்பாள். பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது, நான் பேசினால் ஒன்றுக்கு இரண்டு தடவை ‘என்ன?’ என்றாள். கேட்டால் சொல்ல மாட்டாள் என்று தெரியும். ஆகவே, கேட்காமலே அவளுக்கு மூக்காக இருந்துவிடுவது என்று முடிவு செய்தேன். திடீரென்று எனக்குத் தேநீர்ப் பித்து பிடித்துவிட்டதுபோல் நடித்து, அவள் குடிக்கும்போதெல்லாம் எனக்கும் ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு, வாசனையைச் சத்தமாக வர்ணிக்க ஆரம்பித்தேன். இதனால் எனக்கு ஏற்பட்ட ஒரே பலன், கூடத்துக்கும் கழிப்பறைக்கும் இடையே கிடைத்த நல்ல நடைப்பயிற்சி. வாசனை எனக்கு வருகிறது, ஆனால் அதற்குப் பெயர் வரவில்லை. ‘புதுச் செருப்புக் கடை’ என்றேன், ‘மழையில நனைஞ்ச கயிறு’ என்றேன், ஒன்றுக்கு ‘நம்ம பழைய ஆபீஸ் அலமாரி’ என்றேன். அவள் ஒவ்வொரு தடவையும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதாமல் விட்டாள். எப்படியாவது அவள் எழுதும்படி நாலு நல்ல வாசனை சொல்ல வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தபோது ஒரு கோப்பையில் தெளிவாக எலுமிச்சை வந்தது. சொன்னேன், அவள் முகம் மலர்ந்தது, எழுதினாள். இன்னொரு நாள் பச்சைத் தேயிலையில் கற்பூரம் வந்தது, அதையும் எழுதினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மச்சான், அந்த எலுமிச்சை எங்கள் வீட்டுப் பாத்திரம் துலக்கும் சோப்பு. ஓய்வுபெற்றதிலிருந்து பாத்திரம் என் இலாகா. கோப்பையை நான் சரியாக அலசுவதில்லை என்பது பழைய குற்றச்சாட்டு, இப்போது நிரூபணம் ஆகிவிட்டது. கற்பூரம் வந்தது என் முழங்காலிலிருந்து. காலையில் வலித் தைலம் தேய்த்துவிட்டு அதே விரலால் கோப்பையைப் பிடித்தேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். இந்தக் கழுதைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். உங்கள் வாடிக்கையாளர் இருவருக்கும் கற்பூரம் கட்டாயம் வேண்டுமென்றால் என் முழங்காலைத்தான் பார்சல் செய்ய வேண்டும். ஆக, மூன்று புகாரில் ஒன்று உங்கள் டப்பா, இரண்டு என் கைங்கரியம். உங்கள் தங்கை செய்த தவறு எங்களை நம்பியது மட்டும்தான்.

இனிச் சொல்லப்போவதற்குத்தான் இந்தக் கடிதம். ஒரு மத்தியானம் அந்த உருட்டிய இலையைப் போட்டாள். உலர்ந்திருக்கும்போது மிளகு உருண்டைபோல் டப்பாவில் கலகலவென்று ஓடுமே, வெந்நீர் பட்டால் ஒவ்வொன்றாகச் சோம்பல் முறித்து முழு இலையாக விரியுமே, அதுதான். வாசனை தேடித் தேடி எனக்கு அலுத்துவிட்டது. நடிப்பை விட்டுவிட்டு மனசில் பட்டதைச் சொன்னேன்.

“இந்தா பாரும்மா, இந்தப் பூ, தேன் எல்லாம் எனக்கு வராது. இது நல்லா எண்ணெய் போட்ட லிஃப்ட் மாதிரி இருக்கு. கிளம்பினதும் தெரியல, நின்னதும் தெரியல. கதவு திறந்தா நாம மேல இருக்கோம்.”

அவள் கையில் கோப்பை அப்படியே நின்றது. இன்னொரு வாய் எடுத்து, விழுங்காமல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அப்புறம் மெதுவாக விழுங்கினாள்.

“ஆமாங்க,” என்றாள். “கிளம்பினது தெரியல.” கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “முழுங்கினதுக்கு அப்புறம் தொண்டையில இனிப்பா ஒண்ணு திரும்பி வருதே, நீங்க கதவு திறக்குதுன்னு சொன்னது அதுதானே?”

“அதேதான்.”

“எனக்கும் வருது.”

சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். நானும்தான். இரண்டு கிழங்கள் பட்டப்பகலில் தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு அழுதால் பார்க்க நன்றாக இருக்காது என்று எழுந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

“எப்போலேர்ந்து தெரியும் உங்களுக்கு?” என்று கேட்டாள்.

“பால் தீஞ்ச அன்னைக்கு.”

“நினைச்சேன். கல்யாணமான நாள்லேர்ந்து எதைக் குடுத்தாலும் ‘சூடா இருக்கா’ன்னு மட்டும் கேட்ட மனுஷன், திடீர்னு எலுமிச்சைங்கறாரு, கற்பூரங்கறாரு. நம்பி எழுதினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.” மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. திட்டினாருன்னா பரவாயில்ல. பாவம், ரெஸ்ட் எடுத்துக்கன்னு சொல்லிடுவாரு. அதைத்தான் என்னால தாங்க முடியாது.”

அன்றிலிருந்து உங்கள் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து உட்கார்கிறோம். இனிப்பு, கசப்பு, துவர்ப்பு எல்லாம் நாக்கின் வசம். கனம், வழுவழுப்பு, வறட்சி எல்லாம் வாயின் வசம். போனது மூக்கின் பங்கு மட்டும்தான், அது அவளுக்கே இப்போதுதான் புரிகிறது. உடைத்த கறுப்புத் தேயிலை கையில் எடுத்தால் கரகரவென்று ஆற்று மணல், வாயில் போனதும் நாக்கின் இரண்டு ஓரத்தையும் பிடித்து நிறுத்துகிறது. பிரேக் இறுக்கம் என்றேன். “பிரேக் சரியாத்தான் இருக்கு, நீங்க ஊற வெச்ச நேரம்தான் ஜாஸ்தி” என்று குறைவாக ஊறவைத்து வேறு கோப்பை போட்டாள். பிடித்தது, ஆனால் உலுக்கவில்லை. பச்சைத் தேயிலை தட்டையாக விரலுக்குள் நழுவுகிறது. குடித்தால் கீரை வேகவைத்த நீர்போல் மெத்தென்று போய், திடீரென்று கன்னத்தின் உள்பக்கமெல்லாம் கொய்யாக்காய் கடித்த மாதிரி வறண்டுவிடுகிறது. இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது என்று புகார் கொடுத்தேன். தண்ணீரைக் கொதி அடங்க ஆறவிட்டு ஊற்றினாள், போய்ச் சேர்ந்தது. அந்த வெள்ளை மொட்டு இருக்கிறதே, மேலெல்லாம் பூனைமயிர் மூடியது, அதில் நான் வெந்நீரைத் தவிர எதையும் கண்டதில்லை. லிஃப்டில் யாருமே ஏறவில்லை என்றேன். “ஏறியிருக்காங்க, எடை இல்லாதவங்க. நாக்கை அசைக்காம வெச்சுக்கிட்டுப் பாருங்க” என்றாள். பார்த்தேன். பல தடவை துவைத்த பருத்தித் துணிபோல் மிருதுவாக ஒன்று வாய்க்குள் இருக்கத்தான் செய்தது. கட்டியாக இருந்ததை உதிர்த்து அனுப்பினீர்களே, வருடக்கணக்கில் பழசான அந்தக் கறுத்த தேயிலை, அது கஞ்சிபோல் கனமாக, முரட்டுத்தனம் இல்லாமல் இறங்கி நேராக வயிற்றில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஊறிய இலைகளைத் தட்டில் பரப்பி, விரலால் தேய்த்து, எது இளந்தளிர், எது முற்றல் என்கிறாள். டப்பாவைக் காதோரம் ஆட்டி, எது சரியாக உலரவில்லை என்கிறாள். “முன்னல்லாம் வாசனை வாசல்லயே நின்னுக்கிட்டு மத்த யாரையும் உள்ள விடல” என்று நேற்றுச் சொன்னாள். புது அட்டைகளும் எழுதிவிட்டாள், ஒன்றைத் திருட்டுத்தனமாக இத்துடன் வைத்திருக்கிறேன். உருட்டிய இலைக்கு எழுதியது: ‘வாயில் வைத்ததும் ஒன்றும் சொல்லாது. விழுங்கிவிட்டுக் காத்திருங்கள், தொண்டையில் இனிப்பாகத் திரும்பி வரும். அவசரக்காரர்கள் வேறு வாங்கவும்.’ இப்படி ஒரு அட்டை அவள் இதுவரை எழுதியதில்லை என்பது என் தாழ்மையான எண்ணம்.

ஒரு குறையை மறைக்க மாட்டேன். புகைத் தேயிலையை மட்டும் அவளால் கண்டுபிடிக்க முடியாது. வாயில் அது நல்ல வழுவழுப்பான தேயிலை, அவ்வளவுதான்; புகை முழுக்க மூக்கின் சமாசாரம். ஆகவே என் யோசனை இது. வாசனைக்கு உங்கள் மூக்கு, வாய்க்கு அவள் நாக்கு. ஒவ்வொரு டப்பாவையும் அனுப்பும்போது நீங்கள் முகர்ந்து வாசனையைப் பற்றி இரண்டு வார்த்தை எழுதி அனுப்புங்கள், மற்றதை அவள் எழுதட்டும். ஊரிலேயே பெரிய மூக்கு உங்களுடையது, உங்களுக்கு இது ஒரு வேலையா? தயவுசெய்து அந்த வேலையை அவளிடமிருந்து வாங்கிவிடாதீர்கள். காய்ச்சல் எடுத்தது போதும், மிச்சத்தை நாம் எடுக்க வேண்டாம். நான் சொன்னதாகவும் காட்டிக்கொள்ள வேண்டாம். அவள் மருந்துக் கடைக்குப் போன நேரத்தில் இதை எழுதுகிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கமும், சிறியவர்களுக்கு ஆசியும், நடுத்தரமானவர்களுக்கு அவரவர் விருப்பம்போல் இரண்டில் ஒன்றும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை ஆவலோடும் பயத்தோடும் எதிர்பார்க்கும்
தங்கை கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அவள் வந்துவிட்டாள். கடிதத்தைப் பிடுங்கி, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே கடைசி வரை படித்தாள். சரி, இன்றைக்கு நமக்குப் பூசை என்று காத்திருந்தேன். அவளோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, வேறு எதையோ கேட்டாள்.

“அந்தப் புகைத் தேயிலையை டப்பா மாத்திப் போட்டது யாரு?”

“உன் அண்ணன்தான். வேற யாரைத் தொட விடுவாரு?”

“அப்புறம் கடையில அதை அள்ளி, நிறுத்து, பொட்டலம் கட்டிக் குடுத்தது?”

“அவருதான்.”

“புகை வாசம் நம்ம வீட்டுக் கூடம் வரைக்கும் வந்து உங்களை மாடி மாடியா ஓட வெச்சுதே. கையில அள்ளினவருக்குத் தெரியலையா?”

தான் காய்ச்சலில் கிடந்தபோது பார்க்க வந்துவிட்டுப் போன பிறகு அண்ணனும் காய்ச்சலில் படுத்தார், எழுந்த பிறகு போனில் ஒரு தடவைகூடத் தேயிலையைப் பற்றிப் பேசவில்லை, மழையைப் பற்றித்தான் பேசுகிறார் என்றாள். உங்கள் கடிதத்தை எடுத்துவரச் சொல்லி, ‘எல்லாவற்றையும் வேறு கையில் ஒப்படைத்துவிட்டு’ என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தாள். “இது கோபமாங்க? நல்லாப் படிங்க” என்றாள். படித்தேன். கோபம் இல்லை. மேலே நான் எழுதிய யோசனை, உங்கள் பெரிய மூக்கு உட்பட, எல்லாம் ரத்து. இந்தக் குடும்பத்தில் மிச்சமிருப்பது என் மூக்கு ஒன்றுதான், அதன் லட்சணத்தை நீங்களே அறிவீர்கள்.

நாங்கள் நினைப்பது தவறாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். சரியாக இருந்தால், இனி வருவது உங்கள் தங்கை சொல்லச் சொல்ல நான் எழுதுவது.

“அண்ணா, வாசனை போனா டீயே போயிடும்னு நானும் நினைச்சேன். போகல. கடையை யார்கிட்டயும் குடுத்துடாதீங்க. யார்கிட்டயும் சொல்லாம, டப்பாவைத் திறந்து வெச்சுக்கிட்டு, வருமா வருமான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க. நான் அப்படித் தனியா உக்காந்திருந்து பாத்துட்டேன். நீங்க உக்கார வேணாம். கிளம்பி வாங்க.”